மாமாவின் மருந்துச் சீப்பு

என் மாமா பொய் சொன்னார். அந்தப் பொய்யால் என் அம்மா செத்துப்போனார்.

அம்மாவின் அண்ணனான அவருக்கு இப்போது எண்பது வயது. ஒக்லாந்தில் அவருக்கு விழா எடுக்கிறார்கள். மண்டபம், பொன்னாடை, சாப்பாடு, ஒரு சிறப்பு மலர். மருமகள் என்ற முறையில் சிறுவயது நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். அழைப்பிதழில் மாமாவின் சேவைகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று இயற்கை மருத்துவம். அதைப் பார்த்த பிறகு உட்கார்ந்து எழுதினேன். "விழாவுக்கு இது பொருந்தாது அக்கா" என்று மலர்க்குழு திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எண்பத்துநாலில் எனக்கு ஒன்பது வயது. கொழும்பில் கலவரத்தில் வீடு எரிந்தபின் மாமாதான் பேப்பர்களை நிரப்பி, பொறுப்பு நின்று, எங்களை இங்கே கூப்பிட்டார். அதை நான் மறுக்கவில்லை. ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் அவருடைய வீட்டின் பின்னறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பா ஒரு பாண் பேக்கரியில் வேலை செய்தார். நிரந்தர விசா இன்னும் வரவில்லை. அது வரும்வரை அந்த வீட்டில் தும்முவதென்றாலும் மாமாவைக் கேட்டுத்தான் தும்மினோம்.

மாமா தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கினார். ஊரில் அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். மருத்துவத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, அவருடைய பாட்டனாருக்கு ஒரு பரியாரியை, நாட்டு வைத்தியரை, தெரியும் என்பதுதான். ஒக்லாந்துக்கு வந்ததும் பாட்டனாரே பரியாரி ஆகிவிட்டார். கடல் தாண்டும்போது இப்படிப் பலருக்குப் பரம்பரை மாறியிருக்கிறது. மாமாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

அவருடைய கண்டுபிடிப்பு மருந்துச் சீப்பு. நகரத்தில் ஒரு சீனக் கடையில் மரச்சீப்புகளைப் பெட்டியாக வாங்குவார். கராஜில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் எண்ணெயும் இலையும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சி, சீப்புகளை அதற்குள் ஊறவைப்பார். பிறகு துணி காயப்போடும் கிளிப்பால் ஒவ்வொன்றாகக் கொடியில் தொங்கவிடுவார். மருந்து மரத்துக்குள் இறங்கி, சீவச் சீவப் பல்லின் வழியாகத் தலைக்குள் போகும் என்பது அவருடைய விளக்கம். ஒரு மண்டலம் ஊறவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால் சீப்பு விற்கும் பிரார்த்தனைக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் வரும். அதனால் வியாழனில் போட்ட சீப்பு மூன்று நாளில் மண்டலம் முடித்துவிடும்.

இலை பறிப்பது என் வேலை. வேப்பிலை இந்த நாட்டுக்குள் வராது. ஊரிலிருந்து வந்த இரண்டு பார்சலையும் சுங்கத்தில் பிடித்து எரித்துவிட்டார்கள். ஆகவே மாமா என்னைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஒரு கம் மரத்தை, யூக்கலிப்டஸை, காட்டினார்.

"இதுவும் வேம்புதான் பிள்ளை. வெள்ளைக்கார வேம்பு."

நான் நம்பினேன். வெள்ளைக்காரருக்கு எல்லாம் வேறாக இருக்கும்போது வேம்பும் வேறாகத்தானே இருக்கும்? கடைப் பை நிறைய இலை பறித்துக்கொண்டு பெருமையோடு வீட்டுக்கு வருவேன்.

மாமி மட்டும் அந்தச் சீப்பைத் தொட்டதே இல்லை. அவரிடம் மருந்துக்கடையில் வாங்கிய ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பிரஷ் ஒன்று இருந்தது. பாவம் மாமி, எல்லாச் சீப்பையும் மாமா ஊருக்கே கொடுத்துவிடுகிறார், பெண்டாட்டிக்கு ஒன்று மிச்சம் வைக்கவில்லையே என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பிரார்த்தனை நடத்துவார்கள். யாழ்ப்பாணத்தாரும் வருவார்கள், தமிழ் வழிவந்த பிஜிக்காரரும் வருவார்கள். மாமா அம்மாவை முன்வரிசையில் உட்காரவைப்பார். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமயிர். தேவாரம் முடிந்து சுண்டல் வருவதற்குள் பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்து முடித்திருப்பார்கள். வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், மாமா சீப்புப் பெட்டியோடு நிற்பார்.

"அண்ணை, எனக்கு உச்சியிலை ஒண்டுமே இல்லை. எனக்கு எந்தச் சீப்பு?" என்று ஒருவர் கேட்பார்.

"உமக்குச் சீப்பில்லை ஐசே. துவாய்தான். துடைச்சுப்போட்டுப் போம்."

எல்லோரும் சிரிப்பார்கள். மாமா பகிடியாகக் கதைக்கிற மனிதர். எனக்கும் அவரை நிறையப் பிடிக்கும். இதை எழுதும்போது எனக்கு வரும் கோபத்தில் பாதி அதனால்தான்.

அடுத்த வருடம் தொடக்கத்தில் அம்மாவுக்குக் காலையில் விரல்கள் வீங்கி மடங்காமல் போயின. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. கன்னம் இரண்டிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. பகலிலும் படுத்துக் கிடந்தார். சூடு என்றார் மாமா. மருந்துச் சீப்பால் தினமும் நூறு தரம் சீவவேண்டும் என்றார். சீவும் வேலை எனக்கு வந்தது. கட்டிலில் ஏறி அம்மாவுக்குப் பின்னால் நின்று, பள்ளிக்கூடம் போகுமுன் நூறு எண்ணுவேன்.

மயிர் கொத்துக் கொத்தாக வந்தது.

ஊரில் உதிர்ந்த மயிரைச் சுருட்டித் துப்பி எறிவது வழக்கம். அம்மாவும் அதைத்தான் செய்யப் போனார். மாமா மறித்தார். எறியக்கூடாது, கெட்டது எவ்வளவு கழிகிறது என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி, இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். நான் மயிரை உருட்டி உருட்டி அதற்குள் போட்டேன். மூன்று கிழமையில் பெட்டி நிறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா அதை மண்டபத்துக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினார்.

"பாருங்கோ, தங்கச்சியின்ரை தலையிலை இருந்த நோய் வருத்தம் முழுக்க வெளியிலை வந்திட்டுது. இனிப் புதுசு முளைக்கும்."

அம்மா அன்று முன்வரிசையில் இல்லை. சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பின்சுவரோடு இருந்தார். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். நான் மட்டும் பெருமையோடு நின்றேன். அந்தப் பெட்டியை நிரப்பியது நான் அல்லவா?

அதன்பிறகுதான் அப்பா முதல்முறையாக வாய் திறந்தார். "அத்தான், ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டினால் என்ன?" என்றார். மாமா, தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் வராது. வீட்டில் யாருக்கு எந்த அலுவல் என்றாலும் மாமாதான் போய்க் கதைப்பார். அதுதான் முறையாக இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் போனேன்.

டொக்டர் உயரமான வெள்ளைக்காரர். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. நான் தரையில் இருந்து மணிச்சட்டத்தில் மணி தள்ளிக்கொண்டிருந்தேன். ஆனால் காது அங்கேதான் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில் எனக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கவேண்டும், இன்றைக்கே சோதிக்கவேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்றார் டொக்டர். சிறுநீரகம் என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார். ஒரு தாளில் கட்டம் கட்டமாகச் சரி போட்டு மாமாவின் கையில் கொடுத்தார்.

அம்மா கேட்டார்: "என்ன அண்ணை சொல்லுறார்?"

மாமா தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஒண்டுமில்லையாம். தண்ணி மாறின சூடாம். எண்ணெய் வைக்கட்டாம்."

அம்மா டொக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

காரில் வரும்போது நான் பின்சீற்றில் இருந்து கேட்டேன்: "மாமா, இரத்தம் எடுக்கவேணும் எண்டெல்லோ சொன்னவர்?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அது வேறை ஆரோ ஆளுக்கு. எடியே, உன்ரை மகள் வெள்ளைக்காரி ஆகிட்டாள். எங்களுக்கே இங்கிலீசு படிப்பிக்கிறாள்."

அம்மாவும் சிரித்தார். கையை நீட்டி என் தொடையில் செல்லமாகக் கிள்ளினார். அந்த விரல் மடங்காமல் இருந்ததால் கிள்ளு நோகவில்லை. வெள்ளைக்காரி என்றதில் எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். அதோடு இன்னொன்றும் எனக்கு விளங்கியதாக நினைத்தேன். அம்மாவுக்கு ஊசி என்றால் பயம். எனக்கும் பயம். ஊசியிலிருந்து அம்மாவைக் காப்பாற்றத்தான் மாமா அப்படிச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். எவ்வளவு நல்ல மாமா! கண்ணாடியில் அவரைப் பார்த்து நானும் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் ஒரு இரகசியம் இருந்தது.

அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் சீவினேன். நூறு, நூறு என்று எண்ணினேன். கடைசியில் சீவ ஒன்றும் இருக்கவில்லை. மாமா சீப்பின் முதுகால் மெல்லத் தடவச் சொன்னார்.

குளிர் நன்றாக இறங்கிய ஒரு காலையில் அம்மாவின் முகம் கண் தெரியாதபடி வீங்கிவிட்டது. அப்பாவும் மாமாவும் வேலையில். மாமி கடைக்குப் போயிருந்தார். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு பிஜிக்கார ஆன்டி இருந்தார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை அவருக்கு. அவருடைய தமிழ் பத்துச் சொல்லுக்கு மேல் போகாது. அம்மாவின் காலை ஒருமுறை பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. அம்மாவைத் தூக்காத குறையாகக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே மாமா இல்லை. டொக்டர் என் உயரத்துக்குக் குனிந்து, நீ அம்மாவுக்குச் சொல்வாயா என்று கேட்டார். சொல்வேன் என்றேன். சிறுநீரகம் இரண்டும் மிக மோசமாகிவிட்டது, இங்கேயே வைத்திருக்கவேண்டும், முன்பே வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம் என்றார். இதுவரை யாரும் இரத்தம் சோதிக்கச் சொல்லவில்லையா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார்.

அம்மா வீங்கிய முகத்தை என் பக்கம் திருப்பினார். "என்ன பிள்ளை சொல்லுறார்?"

பெரிய மனிதர்களின் அலுவலில் முதல்முறையாக எனக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. அதை எப்படிச் செய்யவேண்டும் என்பதை நான் பார்த்துப் பழகியிருந்தேன். டொக்டர் பயமாக எதையாவது சொல்வார், நடுவில் நிற்கிறவர் அதை நல்லதாக மாற்றிக் கொடுக்கவேண்டும். மொழிபெயர்ப்பது என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

"ஒண்டுமில்லையாம் அம்மா. சூடாம்."

டொக்டரிடம் திரும்பி, யாரும் சொல்லவில்லையாம் என்றேன். அம்மாவிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வீட்டை போகலாமோ எண்டு கேள்" என்றார். அதையும் நான் கேட்கவில்லை.

பதினொரு நாள் கழித்து அம்மா செத்துப்போனார். மாமா சத்தம் போட்டு அழுதார். சவப்பெட்டிக்குள் வைக்குமுன் அம்மாவின் தலையைப் பூவால் மூடியது மாமி. ஐந்தாவது கிழமை விசா வந்தது. மூன்று பேருக்கும் வந்தது.

வளர்ந்தபின் நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். மாமா விசாவுக்குப் பயந்துதான் அப்படிச் செய்திருப்பார் என்று அப்பா சாகும்வரை சொன்னார். வருத்தக்காரி, நோயாளி என்று எழுத்தில் வந்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்போது எல்லோரும் பயந்தார்கள், அது உண்மை. அப்பாவுக்கு அப்படி நம்பவேண்டியிருந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் மாமா சீப்பு விற்றார். அதற்கு முன்பே மண்டபத்தில் அந்த ஐஸ்கிரீம் பெட்டியைக் காட்டினார். அதற்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?

பல வருடம் கழித்து அவர்கள் கிளென் ஈடனுக்கு வீடு மாறியபோது, கராஜை ஒழிக்க நான் போனேன். மாமி ஒரு பழைய சீப்புப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தார். நாலாக மடித்த தாள். எண்ணெய் ஊறி மஞ்சளாகியிருந்தது. அம்மாவின் பெயர், திகதி, டொக்டர் போட்ட சரிகள். "இது உன்னட்டை இருக்கட்டும்" என்றார் மாமி. அவ்வளவுதான். இன்றைக்கும் அதில் கற்பூரம் மணக்கிறது.

மாமா, உங்களுக்கு இப்போது பார்வை குறைவு என்கிறார்கள். யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். உள்ளதை உள்ளபடி வாசிக்கட்டும், நடுவில் நின்று நல்லதாக மாற்றவேண்டாம். நான் அம்மாவுக்குச் சொன்ன பொய்யை இங்கே என் கையால் எழுதிவிட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது, உங்களுக்கு நாற்பதுக்கு மேல். விழாவில் பொன்னாடை போட்டபின் உங்கள் கையில் மைக் தருவார்கள். நான் முன்வரிசையில், அம்மா இருந்த இடத்தில், அந்தத் தாளோடு இருப்பேன். அன்று டொக்டர் என்ன சொன்னார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்.