பிரிட்ஜுக்குச் சுற்றிய பட்டு

ஐப்பசி பதினேழாம் தேதி, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, தூறல் மட்டும் மிச்சமிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பிரிட்ஜிலிருந்து பால் எடுக்கப் போன என் மனைவி, "சுர்ருன்னு அடிக்குதுங்க" என்றாள். அந்த மாதத்தில் அது பதினோராவது தடவை.

எண்ணியது நான், அடி வாங்கியது அவள். பிரிட்ஜுக்கு வயது பத்தொன்பது; இரும்புக் கைப்பிடி. நான் தொட்டால் அடிப்பதில்லை. எனவே எல்லாம் அவளுடைய கற்பனை என்று எட்டு மாதமாகச் சொல்லிவந்தேன். மூட்டுவலிக்காக நான் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவன் என்பது என் ஆராய்ச்சியில் விட்டுப்போயிருந்தது.

கார்த்திகை பிறந்ததும் மகள் பேரனோடு வருவதாக இருந்தாள். பேரனுக்குப் பத்து மாதம். தவழ்ந்து போய், எட்டியதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். "அவன் வரதுக்குள்ள இத சரி பண்ணலன்னா, நானே அவள வர வேணாம்னு சொல்லிடுவேன்" என்றாள் மனைவி.

எட்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். டெஸ்டரைப் பிரிட்ஜின் மேல் வைத்தார். விளக்கு எரிந்தது.

"எர்த்து செத்துப்போச்சு சார். புதுசா பள்ளம் தோண்டி எறக்கணும். கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆவுற சுவிட்ச் ஒண்ணு மெயின்ல போடணும். ஏழாயிரம் ஆவும்."

"பிரிட்ஜே ஒன்பதாயிரம்தாம்பா."

"பேரன் இன்னா விலை சார்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது: பட்டு மின்சாரத்தைக் கடத்தாது. தெருவெல்லாம் பட்டு நெய்கிற இந்த ஊரில் இருந்துகொண்டு பட்டுக்கு எங்கே போவது என்று யாராவது கேட்பார்களா? மகள் கல்யாணப் புடவையின் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு பீரோவில் கிடந்தது. நெய்தவர் எதிர்வீட்டுக்காரர். ஜரிகையில் வெள்ளி குறைவு என்பது ஐந்து வருடமாக என் சந்தேகம். கரைப் பக்கம் வெளியே தெரியும்படி கைப்பிடியில் ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

"பேரன் கைப்பிடியத்தான் புடிப்பேன்னு உங்களுக்கு எழுதிக் குடுத்துக்கிறானா?" என்றாள் மனைவி.

நான் மூன்று தடவை தொட்டுக் காட்டினேன். ஒன்றுமில்லை. அவளையும் தொடச் சொன்னேன். அரிசி களைந்த கை, வெறுங்கால், மழைச்சாரல் பட்டு ஈரமான தரை. தொட்டாள்.

கை உதறியதில் பால் பாத்திரம் எகிறி விழுந்தது. அவள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது, பேச்சில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணிக்கொண்டு நின்றேன். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று முப்பதாவது எண்ணிக்கையில்தான் தோன்றியது; பிடுங்கினேன். நாற்பதில் அவள், "கை மரத்துப்போச்சு" என்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் எண்ணியதில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவள் தண்ணீர் குடித்துத் தெளிந்ததைப் பார்த்த பிறகுதான் கைப்பிடியைப் பார்த்தார்.

"இன்னா சார், பிரிட்ஜுக்கு சீமந்தமா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"பட்டு கடத்தாது சார், சரி. அதுமேல இருக்குற ஜரிகை? உள்சுத்துலருந்து வெளிசுத்து வரைக்கும் வெள்ளி ஓடிக்கினு இருக்குதே. இப்பவாவது நம்புறீங்களா, அசலுன்னு?"

செம்பும் கடத்தும், ஆகவே இது நிரூபணம் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

பத்தரைக்கு எலக்ட்ரீஷியன் மறுபடி வந்தார். சுவிட்ச் பெட்டி மாட்டச் சுவரில் துளை போட வேண்டும். பையிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்தார். அதன் வயரில் பிளக் இல்லை. இரண்டு செம்புக் கம்பி முனைகளையும் சாக்கெட்டில் செருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சிகளை வைத்து அடைக்கப் போனார்.

"இருபது வருஷமா இப்டித்தான் சார்."

"எத்தனை தடவை அடிச்சிருக்கு?"

"அத யாரு எண்ணிக்கினு இருக்காங்க?"

"எங்க ஊட்ல வேணாம்பா" என்றாள் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், மூன்று முள் பிளக் ஒன்றும், கண்ணில் காரைத்தூள் விழாமலிருக்க ஒரு கண்ணாடியும் வாங்கிவந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டையும் மாட்டினார். வேலை சாயங்காலம் வரை நடந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் தோல் வெடித்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த வயரையும் மாற்றினார். புது சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் வீடு முழுக்கக் கரண்ட் போகும். அன்று ஆறு தடவை அழுத்தினேன். ஏழாவது முறை போனபோது மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

கார்த்திகை மூன்றாம் தேதி பேரன் வந்தான். நேரே தவழ்ந்து போய், பிரிட்ஜை இரண்டு கையாலும் படபடவென்று அடித்தான். நானும் அவளும் மூச்சு விடாமல் நின்றோம். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி அடித்தான்.

எர்த் குழிக்குக் கரி, உப்பு, குழாய் உள்பட மூவாயிரத்துத் தொள்ளாயிரம், சுவிட்ச் இரண்டாயிரத்து நூற்றைம்பது, கூலி ஆயிரத்து இருநூறு, அவருடைய மெஷினுக்குப் பிளக் எண்பத்தைந்து, கண்ணாடி நூறு. மொத்தம் ஏழாயிரத்து நானூற்று முப்பத்தைந்து ரூபாய்.