உமைமா வீட்டு டிவியில் கௌசரின் கல்யாணம்

ஆம்பூரில் பெண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ என்றால் அது எடிட்டிங்குக்கு உமைமாவிடம்தான் போகும். மண்டபத்தில் அந்தப் பக்கத்தைப் படம் எடுப்பவள் மாதனூர் பூங்குழலி. முன்பெல்லாம் எடுப்பது பெண்ணாக இருந்தாலும், அதை வெட்டி ஒட்டுபவன் வேலூரில் யாரோ ஓர் ஆளாக இருந்தான். "நம்ம வீட்டுப் பொம்பளைங்கள ஒருத்தன் நாளெல்லாம் உக்காந்து பாக்கறதா?" என்று வீட்டுக்கு வீடு முணுமுணுத்தார்கள். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்துகொண்டிருந்த உமைமா காதில் அது விழுந்தது. வேலையை விட்டாள், எடிட்டிங் கற்றாள், படுக்கையறை மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. டிவியில் ஓட்டிப் பார்க்காமல் டிவிடியில் ஏற்றமாட்டாள். பட்டுத் தெரிந்துகொண்டது அது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீடியோவைக் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினாள். அந்த வீட்டில் இருந்தது பழைய பெட்டி டிவி. படத்தின் ஓரத்தையெல்லாம் அது தின்றுவிட்டது. உயரமான பெண்களுக்குப் பாதித் தலையைக் காணோம். அதுகூடப் பரவாயில்லை. மாப்பிள்ளை பெயர் ஃபைஸான். கடைசி எழுத்து ஓரத்தில் மறைந்து, டிவியில் 'ஃபைஸா' என்று வந்துவிட்டது. பெண் பெயரோடு மேடையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து அவன் மச்சினிகள் ஒரு மாதம் சிரித்தார்களாம்.

அன்றிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைக் கம்ப்யூட்டரிலிருந்து கூடத்து டிவி வரைக்கும் இழுத்து, முழுப்படத்தையும் ஓட்டுவாள். கல்யாண வீட்டுப் பெண்களும் வந்து பார்த்து, திருத்தம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நேரம் அவள் கணவன் வக்கார் அகமதுக்கு வீட்டில் இடம் கிடையாது. தோல் மண்டியில் வாரமெல்லாம் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் போய் நிற்பான்.

"இன்னா பாய், வீட்ல கல்யாணமா?" என்பார் டீக்கடைக்காரர்.

"ஆமா, டிவில. இன்னொரு டீ போடு."

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ரஃபத் ஜஹான் தன் மகள் கௌசரின் கல்யாண வீடியோவைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆனால் மூன்று நாள் முன்னாடியே தனியாக வந்துவிட்டாள். முகம் உம்மென்று இருந்தது.

"உமைமா, ஒரு வேலை செய்யணும். ஹஃப்ஸா ஆபா எங்கெல்லாம் வர்றாங்களோ, அங்கெல்லாம் வெட்டிடு."

ஹஃப்ஸா, ரஃபத்தின் கணவர் ரஷீத் அஹமதுக்கு ஆபா, அதாவது அக்கா. பேர்ணாம்பட்டில் இருக்கிறவள்.

"நாத்தனாரவா? ஏன் ஆபா?"

"பந்தில உக்காந்துகிட்டு பிரியாணில கறி கம்மின்னு சொல்லியிருக்காங்க. சம்பந்தி வீட்டு ஆளுங்க காதுபட! எங்க வீட்டுக்காரர் ஆடு ஆடா பாத்து எடுத்தாரு. என் பொண்ணு கல்யாணத்த நான் பாக்கறப்போ அந்த முகம் எனக்கு வேணாம்."

உமைமாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் இது அவர்கள் வீட்டுக் கல்யாணம், அவர்கள் வீட்டுக் கோபம். சரி என்றாள்.

வெட்ட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஹஃப்ஸா இல்லாத இடமே இல்லை என்று! மருதாணி வைக்கிற இடத்தில் கௌசரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள் அவள். மேடைக்கு ஏற்றும்போது துப்பட்டாவைத் தூக்கிப் பிடிப்பவள் அவள். வெட்ட வெட்ட, கௌசர் யாருமில்லாத பக்கம் திரும்பிச் சிரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. நடுநடுவே கரண்ட் வேறு போய்ப்போய் வந்தது. பேஜாராகிவிட்டது உமைமாவுக்கு. ஒருவழியாக முகம் தெரிகிற துண்டையெல்லாம் எடுத்தாள். எடுத்ததை அழிக்கவில்லை, தனியாகப் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஃபத்தும் கௌசரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பூங்குழலியும் வந்திருந்தாள். படம் ஓடியது. ரஃபத் குடும்பம் பாட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மண்டபத்துச் சத்தம் அப்படியே இருந்தது.

மருதாணிக் காட்சியில் கௌசர் அத்தையைத் தேடினாள்: "அம்மி, ஃபூபு எங்க? என் பக்கத்துலதான இருந்தாங்க?"

"பாரு, பேசாத" என்றாள் ரஃபத்.

பந்திக் காட்சி வந்தது. கேமரா அசையாமல் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அது நான் ஸ்டேண்ட்ல வெச்சிட்டு சாப்புடப் போய்ட்டேன். செம பசி" என்று பூங்குழலி நெளிந்தாள்.

அப்போதுதான் டிவியிலிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது. ஆளைக் காணோம், கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிற ஹஃப்ஸாவின் குரல். உமைமாவின் கம்ப்யூட்டரில் இருந்தது உள்ளங்கையளவு ஸ்பீக்கர். அதில் பந்தி வெறும் இரைச்சலாகத்தான் கேட்டிருந்தது. அவளும் முகத்தைத் தேடித்தானே வெட்டினாள்!

"கறி கம்மின்னு யாரு சொன்னா?" என்றது குரல். "அரிசிதான் ஜாஸ்தி! எங்க ரஷீதுக்கு ஒண்ணும் தெரியாது. நூறு பேர கூப்டுன்னா ஊரையே கூப்ட்டு வந்துட்டான்."

ரஃபத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உமைமா, கொஞ்சம் பின்னாடி போ."

உமைமா ஓடிப்போய் மறுபடி ஓட்டினாள். குரல் தொடர்ந்தது.

"ஏம்மா, இங்க வா. ரஃபத் காலைலருந்து ஒரு வாய் சாப்புடல. ஒரு தட்டு எடுத்துட்டுப் போய் ரூம்ல குடு. கத்திரிக்காய் ஜாஸ்தியா வை, அவளுக்கு அதான் புடிக்கும்."

ரஃபத்தின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அறைக்குள் வந்த தட்டை யார் அனுப்பியது என்று அவள் கேட்கக்கூட இல்லை. பசியில் வழித்துச் சாப்பிட்டது மட்டும் ஞாபகம் இருந்தது.

டிவிக்குள் ஹஃப்ஸா இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா பச்சடில உப்பே இல்ல!"

"உப்பு இருந்துச்சு!" என்று ரஃபத் எழுந்து நின்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். "நானே பாத்தேன், உப்பு இருந்துச்சு!"

முதலில் சிரித்தது கௌசர். அப்புறம் பூங்குழலி. கடைசியில் ரஃபத்துக்கே அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"எல்லாத்தையும் திரும்பப் போட்டுடு உமைமா. முதல்லருந்து கடைசி வரைக்கும்."

"வேலை டபுள் ஆபா!"

"தெரியும். இப்பவே ஃபோன் பண்ணி அவங்களையும் கூப்புடறேன். ஒண்ணா உக்காந்து பாக்கறோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹஃப்ஸா பேர்ணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி, ஒரு டப்பா நிறைய மக்கன்பேடா இனிப்போடு வந்து இறங்கினாள். குரலுக்கு ஏற்ற ஆகிருதி. ரஃபத் தன் பக்கத்திலேயே இடம் போட்டு உட்காரவைத்தாள். வெட்டச் சொன்ன கதையை அவளே சொல்லிவிட்டாள்.

"வெட்டச் சொன்னியா? என்னையா?" என்று ஹஃப்ஸா இடுப்பில் கை வைத்தாள். "மூஞ்சிக்கு நேரா கேக்கறதுக்கு இன்னாடி? நான் பதில் சொல்லியிருப்பேன்ல?"

"தப்புதான் ஆபா."

"சரி, படத்தப் போடும்மா."

படம் ஓடியது. இந்த முறை மருதாணி, மேடை என்று எங்கு பார்த்தாலும் ஹஃப்ஸா. பார்க்கப் பார்க்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மெல்ல உமைமா பக்கம் சாய்ந்தாள்.

"ஏம்மா, நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்? அந்த மேடை ஏர்றதுலயாவது கொஞ்சம் வெட்டிடேன்."

"ஒரு துண்டுகூட வெட்டக்கூடாது!" என்றாள் ரஃபத்.

உமைமா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பேச்சு வளர்வதற்குள் படுக்கையறைக்குள் போய், கம்ப்யூட்டரில் புது டிவிடியைச் செருகி, படத்தை அப்படியே அதில் ஏற்றும் பட்டனை அழுத்திவிட்டாள்.