செத்துப்போன புது ஹார்ட் டிஸ்க்

புது ஹார்ட் டிஸ்க் பெரியது, பழையது சின்னது. இரண்டையும் ஒரே கேபிளில் மாட்டியதால் பெரியது சின்னதை விழுங்கிவிட்டது என்றுதான் நான் முதலில் நம்பினேன். கம்ப்யூட்டர் திரையில் இரண்டுமே தெரியவில்லை. பழையதில் மச்சானின் கல்யாணப் படங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது.

"படம் போச்சுன்னா நீங்க மாமல்லபுரத்துக்குப் போயி சிலையா நின்னுக்குங்க, வூட்டுக்கு வராதீங்க" என்றாள் மனைவி.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் பேனா மாதிரி ஸ்க்ரூ டிரைவர். எதைக் கழற்றினாலும் மந்திரிப்பவர் போல 'ஃப்பூ' என்று ஊதுவார். ஊதி ஊதி மாட்டியும் ஒன்றும் எழவில்லை. கடைசியில் புதியதைக் கழற்றி வைத்தார். பழையது உடனே வந்துவிட்டது. திரையில் மச்சான் மாலையும் கழுத்துமாகச் சிரித்தான்.

"பாத்தியா அண்ணாத்த? புச்சு செத்துப்போச்சு. கூட வெச்சா இதையும் சாவடிச்சிடும்."

"ஐயோ, அந்தச் சனியன நீங்களே எடுத்துக்கினு போய்டுங்க!" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்கு?"

"புண்ணியமாப் போவும், எடுத்துக்கங்க."

மறுத்து மறுத்துக் கடைசியில் பையில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய், கும்பிட்டு அனுப்பினேன்.

விஷயம் தெரிந்து எடுத்துப்போனாரா, தெரியாமலா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு வாங்கிய டிஸ்க்கின் முதுகில் படமே போட்டிருந்தது. ஒரே கேபிளில் இரண்டு மாட்டினால், ஒன்றில் ஜம்பர் என்கிற பொடிக் கிளிப்பை இடம் மாற்றிக் குத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டும் 'நான்தான் பெரியவன்' என்று முறைத்துக்கொண்டு முகமே காட்டாது. நான் மாற்றவில்லை. புது டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது.