கப்பலைக் கட்டிவைத்தவர்

ஆரணியில் பட்டுக்கடை அருணகிரி என்று விசாரித்தால் எந்த அருணகிரி என்பார்கள். கப்பல்காரர் என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அவருக்குக் கப்பல் ஏதும் கிடையாது. கடைப் பலகையில் ‘அசல் வெள்ளி ஜரிகை’ என்று எழுதி வைத்திருந்தார். எழுபதுகளின் நடுவில், வெள்ளிப் பூச்சு பூசிய செம்புக்கம்பி ஜரிகைக்குச் சத்தமில்லாமல் மாறிக்கொண்டார். பலகை மாறவில்லை.

1978இல் பினாங்குக் கடை ஒன்றுக்கு அனுப்பிய சேலைகள் ஜரிகை கறுத்துத் திரும்பி வந்தன. பெட்டிக்குள் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார். முதலில் அது பினாங்குக்காரருக்குச் சொன்ன சாக்கு. நாலு பேரிடம் சொன்ன பிறகு அவரே நம்பிவிட்டார். பிறரை ஏமாற்றும்போது மனிதனிடம் கொஞ்சம் விழிப்பாவது இருக்கிறது. தன்னை ஏமாற்றிக்கொள்ளும்போது அதுவும் போய்விடுகிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தில், சேலைகளை ஏற்றிப்போன கப்பலின் மீதே வழக்குப் போட்டார். சரக்கைக் கெடுத்ததாகச் சொல்லப்படும் கப்பலைத் துறைமுகத்தை விட்டு நகராமல் நிறுத்திவைக்க அங்கே சட்டம் உண்டு. அடுத்த முறை அது சென்னைக்கு வந்தபோது நிறுத்தியும் விட்டார்கள்.

அருணகிரி வேன் பிடித்து உறவினரை அழைத்துப்போய்க் காட்டினார். துறைமுகத்துக்குள் விடவில்லை. வேலிக்கு வெளியே ரோட்டில் நின்று பார்த்தார்கள்.

“தோ, கறுப்பா நிக்குது பாரு, அதான்.”

“பக்கத்துல செவப்பா ஒண்ணு நிக்குதே, அது இல்லீங்களா?” என்றாள் மனைவி தெய்வநாயகி.

“ஏதோ ஒண்ணு. நின்னுகினு கீதா இல்லியா?”

“ஊட்ல எலி ஓடிகினு கீது. மொதல்ல அத புடிச்சி நிறுத்துங்க.”

“சும்மா இரு அண்ணி,” என்றான் அவர் தம்பி எல்லப்பன். “வெள்ளக்காரன் கப்பலயே நிறுத்திட்டாரு. எலி இன்னா, தானா நிக்கும்.”

வீட்டுக்குப் போக முடியாமல் அந்தக் கப்பலில் கிடந்தவர்களைப் பற்றி வேனில் யாரும் பேசவில்லை. சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு திரும்பினார்கள்.

எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டது. கடல் தண்ணீர் பட்டிருந்தால் பட்டின் சாயம் ஏன் கலங்கவில்லை? நீதிமன்றம் ஓர் அதிகாரியை நியமித்தது. அவர் ஆரணிக்கே வந்து, அருணகிரிக்கு நெய்யும் தறிகளிலிருந்து ஜரிகையை அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்.

“அசல் ஜரிகைதானே? உங்களுக்கு என்ன கவலை?” என்றார் வக்கீல்.

“இன்னா சார், இப்படி கேட்டுட்டீங்க,” என்றார் அருணகிரி.

தெருவில் வைத்து ஜரிகையை அறுத்தால், அவரிடம் முகூர்த்தச் சேலை எடுத்த ஒவ்வொரு வீடும் சேலையும் கையுமாகக் கடை வாசலில் வந்து நிற்கும். கப்பலை வைத்துக்கொள்வதா, பெயரை வைத்துக்கொள்வதா? அன்று சாயங்காலம் அவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“வரட்டுமே,” என்றாள் தெய்வநாயகி. “பலகையில எழுதினததான பாக்கப் போறாங்க?”

“கம்முனு இரு.”

வழக்கை வாபஸ் வாங்கினார். கப்பல் போய்விட்டது. ஊரில் கேட்டவர்களிடம், “அந்தக் கப்பல்காரனுங்களுக்கும் புள்ளகுட்டி கீதில்ல? பாவம்னு வுட்டுட்டேன்,” என்றார். ஆரணி அதை அப்படியே விழுங்கியது. கூட்டம் எங்கே நடந்தாலும் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பிடித்ததற்கு ஒரு கைதட்டல், விட்டதற்கு இன்னொன்று. கடையில் முன்னைவிடக் கூட்டம். செய்யாத கருணைக்குக் கிடைத்த மரியாதையை அவர் கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

எண்பத்திரண்டில் மகள் கல்யாணம். முகூர்த்தச் சேலையைத் தெய்வநாயகி வேறொரு கடையில் எடுத்தாள். கடை நடுவில் உட்கார்ந்து, ஜரிகையை உரசிக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் எடுத்தாள். செய்தி அருணகிரிக்கு வந்தது.

பந்தலில் எல்லப்பன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்: “அண்ணன் மனசு பெருசு. அடுத்தவனும் பொழைக்கணும்னு அங்க எடுக்க வுட்டாரு.”