கோட்டுக் கைகளில் அரிசி

வான் சூயை யாரும் வான் சூய் என்று கூப்பிட்டதில்லை. பர்மாவில் எங்கள் சின் மலையில் முதல் பிள்ளை பிறந்ததும் தாயின் சொந்தப் பெயர் வழக்கொழிந்துவிடும். அவர் தியால் பாரின் அம்மா. மழைக்காலத்தில் மேட்டுத் தெரு சரிந்து தியால் பாரும் அவள் அப்பா தும் கியோவும் மண்ணுக்குள் போன பிறகும் அப்படியே கூப்பிட்டோம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரும் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு முன்பு காலைச் சந்தையில் கடுகுக்கீரையும் இஞ்சியும் விற்றுக்கொண்டிருந்தார். சந்தையின் மறுமுனைக்கும் கேட்கிற குரல். நான்கு வருடமாக அவர் தெருவில் பிடியரிசி வாங்கும் வேலை என்னுடையது.

எங்கள் சபையில் காலையில் உலை வைக்கும்போது, வீட்டில் எத்தனை வாயோ அத்தனை பிடி, அளந்த அரிசியிலிருந்து எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். சனிக்கிழமை மாதர் சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வருவோம். கோயிலின் மணியும் தகரக் கூரையும் அப்படி வந்தவைதான். பணமில்லாத வீடு உண்டு, பிடியரிசி இல்லாத வீடு கிடையாது.

“உங்க வீட்ல உன்னையாடி பிடி போட விடுறாங்க? கோழிக்குஞ்சு கை. கர்த்தர் ஏமாந்துபோவார்,” என்பார் தியால் பாரின் அம்மா, பானையை என் பையில் கவிழ்த்துக்கொண்டே. தும் கியோ லாரி ஓட்டுபவர், கை முறம் மாதிரி இருக்கும். “இந்த மனுஷன் கையால போட்டா நாங்க பட்டினி. அதான் பானைப் பக்கம் விடுறதே இல்ல.”

தும் கியோ உள்ளேயிருந்து சிரிப்பார்.

சரிவுக்குப் பிறகு பதினொரு குடும்பங்களுக்குச் சபையே மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தது. நிவாரண அரிசி தலைக்கு மாதம் பன்னிரண்டு கிலோ. பட்டியலில் தியால் பாரின் அம்மா பெயருக்கு எதிரில் ஒரு வாய் என்று எழுதியிருந்தது. செப்டம்பரில் மாதர் சங்கம் கூடியபோது செயலாளர் மென் துலாய் அக்கா, கொட்டகைக்காரர்களிடம் பிடியரிசி வாங்க வேண்டாம் என்றார். “வாங்குற கையிலிருந்து நாம எப்படிம்மா வாங்குறது? பாவம் இல்லையா?” எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை தியால் பாரின் அம்மா பானையோடு கொட்டகை வாசலில் நின்றார்.

“சித்தி, இனிமே உங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

“யாருக்கு வேண்டாம்?”

“நிவாரணம் வாங்குற வீடுகளுக்கு.”

பானையைப் பார்த்தார். “சரி,” என்று உள்ளே போனார். அடுத்த வாரத்திலிருந்து நான் கொட்டகைப் பக்கம் போகாமல் மேல்பாதை வழியாகச் சுற்றிப் போனேன்.

சாலைக்குக் கல் உடைக்கும் வேலைக்கு அவர் போனதாகவும், பிறகு நின்றுவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். பாட்டுக்கு எழுந்து நிற்பார், பாட மாட்டார். முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. துக்கம் என்று நினைத்தோம்.

மார்ச்சில், மழைக்கு முன்னால் கூரை ஆணிகளைப் பார்க்கச் சபை மூப்பர் ரால் பிக் கொட்டகை கொட்டகையாகப் போனார். நிவாரணப் பட்டியலும் அவர் பொறுப்புதான். தியால் பாரின் அம்மாவுடைய சுவரில் நீளமான கம்பளிக் கோட்டு ஒன்று தொங்கியது. ஏதோ குளிர்நாட்டிலிருந்து நிவாரணத்தோடு வந்தது. அதன் இரண்டு கைகளும் உப்பியிருந்தன, நுனியில் முடிச்சு.

“உள்ள ஆள் நிக்குதோன்னு பயந்துட்டேன்,” என்று பிறகு சொன்னார். “கையைப் பிடிச்சுக் குலுக்கினா, அரிசி.”

கோட்டுக் கை இரண்டிலும், கட்டிலுக்கடியில் இரண்டு எண்ணெய் டின்களிலும் அரிசி. மொத்தம் ஏறக்குறைய அரை மூட்டை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. தியால் பாரின் அம்மா அரிசியைப் பதுக்கி விலையேறக் காத்திருக்கிறார் என்றார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகர், மூப்பர், மாதர் சங்கம் எல்லோரும் உட்கார்ந்தோம். கோட்டைக் கொண்டுவந்து முன் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் தியால் பாரின் அம்மா.

ரால் பிக் எழுந்தார். “வேதத்துல, தானியம் சேத்து வெக்கக் களஞ்சியத்தை இடிச்சுப் பெருசாக் கட்ட நினைச்சவனை ஆண்டவர் என்னன்னு கூப்பிட்டார்? மதிகேடன்னு. இங்க இடிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். கோட்டுக் கையே போதும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“ஒரு வாய். மாசம் பன்னிரண்டு கிலோ. இவ்வளவு மிஞ்சுதுன்னா தேவை இல்லைன்னுதானே அர்த்தம்? பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம். கீழ்த்தெருவுல இல்லாதவங்க இருக்காங்க.”

பட்டியலிலிருந்து எடுத்தால் அவருக்குச் சோற்றுக்கு வேறு வழியில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“விக்கிறதுக்கா அக்கா சேத்து வெச்சீங்க?” என்று மென் துலாய் கேட்டார்.

“இல்ல.”

“பின்ன?”

“பிடியரிசி. யாரும் வாங்க வரல.”

நான் தரையைப் பார்த்தேன்.

மென் துலாய் அக்கா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். “ஆறு மாசம்… தினம் ஒரு பிடின்னா இவ்வளவு வராதே.”

“மூணு பிடி.”

“மூணா?” என்றார் ரால் பிக்.

“மூணு.”

மென் துலாய் அக்கா மெதுவாகக் கேட்டார். “அக்கா, வீட்ல நீங்க ஒரே ஆள்தானே?”

“தெரியும். மண்ணு சரிஞ்சப்ப நானும் அங்கதானே இருந்தேன்.” இஞ்சி விலை சொல்வது போலச் சொன்னார். “கை மூணு தடவை போகுது. நான் அனுப்பல.”

ரால் பிக் உட்கார்ந்துவிட்டார்.

போதகர் தொண்டையைச் செருமினார். “ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில ரெண்டு காசு போட்டதை ஆண்டவர் மெச்சிக்கிட்டார். தன்கிட்ட இருந்ததை எல்லாம் போட்டுட்டாள்னு…”

“வீட்டுக்குப் போய் அவ என்ன சாப்பிட்டான்னு எழுதலையே ஐயா,” என்றார் மென் துலாய்.

“காசைத் திருப்பிக் குடுத்ததாவும் எழுதல,” என்றார் ரால் பிக். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

போதகர் வேதத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கு நேர் மேலதான், விதவைங்க வீட்டைப் பட்சிக்கிறவங்களை ஆண்டவர் கண்டிக்கிறார். அடுத்தடுத்து இருக்கு. இருபது வருஷமா ரெண்டையும் வேற வேற ஞாயித்துக்கிழமைலதான் பிரசங்கம் பண்ணியிருக்கேன்.” புத்தகத்தை மூடினார்.

தியால் பாரின் அம்மா கோட்டைத் தொட்டார். “அரிசியை எடுத்துக்குவீங்களா மாட்டீங்களா? கோட்டு எனக்கு வேணும். குளிருது.”

முடிச்சு இறுகியிருந்தது. ரால் பிக்தான் பல்லால் கடித்து அவிழ்த்தார். அரிசியைக் கோயில் தொட்டியில் கொட்டினார்கள். வண்டு விழுந்திருந்தது, பெண்கள் புடைத்தோம். கோட்டு வற்றித் தட்டையானது. அவர் அதை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்று முடிவானது. பிடியரிசியும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நாளுக்கு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். அதை யார் போய்ச் சொல்வது? மென் துலாய் அக்கா என்னைப் பார்த்தார். “நீதானே வாங்கப் போறவ. சொல்லிடு.”

சனிக்கிழமை சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். தியால் பாரின் அம்மா பானையை நீட்டினார். கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. கவிழ்த்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

“கை இன்னும் கோழிக்குஞ்சாவேதான் இருக்கு,” என்றார். சிரிக்கவில்லை.

ஏப்ரல் பட்டியலைப் படியெடுக்க ரால் பிக் என்னிடம் தந்தார். தியால் பாரின் அம்மா பெயருக்கு எதிரில் மூன்று வாய் என்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“என்ன?” என்றார்.

“இல்ல மூப்பரே, இங்க…”

“என் எழுத்து புரியுதுல்ல? அப்படியே எழுது.”

அப்படியே எழுதினேன்.

அரிசி கொடுத்த அன்று மாலை தியால் பாரின் அம்மா ஒரு மூட்டையைக் கூடையில் வைத்து நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் சுமந்துகொண்டு ரால் பிக் வீட்டுக்கு ஏறினார். நான் பட்டியலின் படிகளை எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். மூட்டையை வாசலில் இறக்கினார்.

“தப்பா அளந்துட்டீங்க மூப்பரே. இருபத்து நாலு கிலோ கூட இருக்கு.”

“தப்பெல்லாம் இல்ல. வெச்சுக்க.”

“வீட்ல அந்த ரெண்டு பேரும் இல்ல,” என்றார். வெறுங்கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ரால் பிக் மூட்டையை உடனே தொடவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து யார் வந்தது என்று கேட்டாள். “யாரும் இல்ல,” என்றார்.

மே மாதமும் ரால் பிக் மூன்று என்றுதான் எழுதினார். மே மாதமும் மூட்டை திரும்பி வந்தது. சனிக்கிழமைகளில் நான் கொட்டகை வழியாகவே போகிறேன். பானையில் இன்னும் நாளுக்கு மூன்று பிடிதான்.