கண் வைக்காத முயல்

எங்கள் குடும்பத்தில் சாச்சி பின்னிய தொப்பியைப் போடாத ஆண்பிள்ளை கிடையாது. வாப்பாவின் தம்பி மனைவி அவர். அலவத்துகொடையில் எங்களுக்கு அடுத்த வீடு. அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் குரோசே ஊசியும் நூலுமாகத்தான் இருப்பார். தொப்பி, சின்னக் கைப்பை, தலைமுடிக்குப் பூ எல்லாம் அந்த ஒரே ஊசியில் வந்துவிடும். இன்று என் பிள்ளைகளுக்கு நான் பின்னுவதெல்லாம் அவரிடம் கற்றதுதான். ஒரு கண்ணி பிழைத்தாலும் போதும், "இது என்ன புள்ள, கோழி கிண்டின மாதிரி ஈக்கி" என்று முழுவதையும் உருவிக் கையில் தந்துவிடுவார். அழுதாலும் இரக்கம் கிடையாது.

அவர் பின்னும் முயலுக்கும் கோழிக்குஞ்சுக்கும் காது உண்டு, வால் உண்டு, கண் மட்டும் இல்லை. அது சாச்சாவின் சொல். முகம் வைத்த உருவம் இருக்கும் வீட்டுக்கு மலக்குமார், அல்லாஹ்வின் வானவர்கள், வரமாட்டார்கள் என்று பேணுதலாக இருப்பவர். முழுக்கை வெள்ளைச் சட்டையை மணிக்கட்டில் பொத்தான் போட்டு, எவ்வளவு வேர்த்தாலும் மடிக்காமல் திரிவார். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்தானே என்று சாச்சி சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். எங்களுக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும். பேராதனை ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்தது. வாப்பா கட்டாரில் இருந்ததால் சாச்சாதான் வேன் பிடித்து வந்தார். உம்மா பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். தம்பி தன் சாம்பல் நிற முயலைக் கட்டிக்கொண்டு, கேற்றுக் கம்பியைப் பிடித்தவன் விடவில்லை.

"என்ட கண்ண கட்டிப் போடுவாங்களாம். முசலுக்கும் கண் இல்ல. அப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஆரு பாக்கிற?"

"அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான் மகன்," என்றார் சாச்சா.

"அல்லாஹ் பாப்பான். முசல் எப்பிடிப் பாக்கும்?"

வேன்காரர் சிரித்துவிட்டார். சாச்சா சிரிக்கவில்லை. இந்த நாளை விட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ என்று உம்மா வேனுக்குள்ளேயே அழத் தொடங்கினார். சாச்சா தம்பிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வா மகன். டொக்டர்ட்ட ரெண்டு பேரையும் காட்டுவம்."

தம்பி யோசித்தான். பிறகு ஏறினான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சா மட்டும் திரும்பி வந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்றார். வெளியே தூறல், நல்ல குளிர். அவரோ சட்டைக் கை இரண்டையும் முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருந்தார்.

"என்ன, சண்டைக்குப் போய் வாற மாதிரி?" என்று கேட்டார் சாச்சி.

"வேர்த்திச்சு," என்றபடி உள்ளே போய்விட்டார்.

தம்பி கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது முயலுக்கு வெள்ளை வெளேரென்று இரண்டு கண் இருந்தது. ஒன்று நெற்றியில், மற்றது கன்னத்தில். நூல் முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"எனக்கு மயக்கம் தந்த நேரம் டொக்டர் முசலுக்கும் ஒப்பரேசன் செஞ்ச," என்றான். நான் அப்படியே நம்பினேன். நம்பாதவர்களோடு பள்ளிக்கூடத்தில் சண்டையும் பிடித்தேன்.

சாச்சி முயலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அந்தச் சட்டைப் பொத்தான்களை விரலால் தடவினார்.

"டொக்டர் தைக்க இன்னும் படிக்கோணும் போல," என்றார், உள்ளறைக்குக் கேட்கும்படி. உள்ளே சாச்சா இருமினார்.

எப்படியும் அவிழ்த்து நேராக வைப்பார் என்று நான் ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து நீட்டினேன். சாச்சி என் கையைத் தள்ளிவிட்டார்.

"வேணாம் புள்ள. அது அப்பிடியே ஈக்கட்டும்."

எனக்கு அநியாயமாகப் பட்டது. என் ஒரு கண்ணிப் பிழைக்கு முழுத் தொப்பியையும் உருவியவர், இவ்வளவு கோணல் தையலைத் தொடாமல் விட்டுவிட்டாரே என்று, அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.