கொக்குக்கு வைத்த பொட்டு

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை நடத்தும் அஞ்சலை யாரையும் லேசில் நம்பமாட்டாள். கடைக்கு எதிரே இருக்கும் குளத்துச் சுவரில் படம் வரைய வினோதினி என்ற ஓவியர் வந்து நின்றபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "உன்னை யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பலக்கா. பௌர்ணமிக்கு வர்றவங்க சாப்பிட்ட இலையைக் குளத்துலயே போடுறாங்க. சுவத்துல ஒரு படம் இருந்தா கை கூசும்."

"சாமி படமா?"

"இல்லக்கா, கொக்கு."

அஞ்சலைக்குக் கொஞ்சம் நிம்மதி. இதே பாதையில் முன்பு ஒரு குட்டை இருந்தது. குப்பை போடக் கூடாதென்று யாரோ அதன் கரைச்சுவரில் பிள்ளையாரை வரைந்தார்கள். படத்துக்கு முன்னால் உண்டியல் வந்தது, பிறகு கொட்டகை, பிறகு வரிசையாகக் கடைகள். இப்போது குட்டையைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. வெறும் கொக்குக்காக எவளாவது இந்த வெயிலில் காய்வாளா? படம் முடியும்வரை இட்லிப் பானையைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தாள்.

அந்தப் பௌர்ணமிக்குக் குளத்தில் இலை கம்மியாகத்தான் விழுந்தது. கொக்கை நின்று பார்த்தவர்கள் இலையைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். விடிந்து பார்த்தால் கொக்கின் நெற்றியில் குங்குமம், காலடியில் கற்பூரக் கரி.

அஞ்சலை தேங்காய் நாரோடு போய்த் தேய்க்க ஆரம்பித்தாள். வழியில் போன ஒருவர் பதறினார். "சாமியைப் போய் அழிக்கிறியேம்மா!"

"சாமி இல்லங்க, கொக்கு. இன்னிக்குப் பொட்டு வெப்பீங்க, நாளைக்குக் கொட்டாய் போடுவீங்க. அப்புறம் இது எங்க போய் மீன் புடிக்கும்?"